“தேடினேன், இல்லை” என்னும் மாணவருக்கு: நிகண்டு முதல் தேடுபொறி வரை



“தேடினேன், இல்லை.” இணையத்தில் ஏதேனும் தேடிவரச் சொன்னால் மறுநாள் நம் மாணவர்கள் கொண்டுவரும் விடைகளுள் இதுவே முதன்மையானது. 2014 முதல் நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக வந்தது. அதன்பின் இவ்விடையை நான் அடிக்கடி கேட்கிறேன். பிள்ளை ஒரு சொல்லை இடுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை, அல்லது தொடர்பில்லாத எதுவோ வருகிறது. உடனே மூடிவிட்டு விளையாடப் போய்விடுகிறது. இதில் சோம்பல் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் என்னை உறுத்துவது அந்தச் சோம்பலன்று. “எனக்குக் கிடைக்கவில்லை” என்பதும் “அப்படி ஒன்று இருந்ததில்லை” என்பதும் பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழர் வாழ்ந்துவரும் பினாங்கில், ஜார்ஜ் டவுனில், தன் பாட்டன் நடந்த தெருவைத் தேடும் பிள்ளைக்கு ‘இல்லை’ என்னும் விடை கிடைப்பது சிறிய இழப்பன்று.

ஆதலின், தேடுதல் என்பது தமிழில் எவ்வாறு வளர்ந்தது, இணையத்தில் தமிழ்ச் சொல் ஏன் பல்லாண்டுகள் அகப்படாமல் கிடந்தது, இன்று எப்படிக் கேட்டால் அகப்படும் என்பனவற்றை நானறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

தேடுபொறி நேற்று வந்தது. தேட வேண்டிய தேவை பழையது. நம் முன்னோர் தொகுத்த நிகண்டுகளை எண்ணிப் பாருங்கள். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலியவை சொற்களைப் பொருள்வகையால் பகுத்தன. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று அவை விரிந்து செல்லும். திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் இவற்றை மனப்பாடம் செய்தனர். நெஞ்சில் இருக்கும் நூலைப் புரட்டித் தேட வேண்டியதில்லை அல்லவா? ஆனால் ஒரு சொல் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதே தெரியாதவனுக்கு நிகண்டு கதவைத் திறக்காது.

1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் ‘அகராதி நிகண்டு’ என்னும் நூலை இயற்றிச் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கினார். அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி. இன்று நமக்கு மிக எளிதாகத் தோன்றும் இவ்வரிசைமுறை அன்று பெரிய மாற்றம். பொருள் அறியாதவனும் எழுத்து அறிந்திருந்தால் சொல்லைக் கண்டுகொள்ளலாம் என்னும் நிலை அதனால்தான் வந்தது. பின்னர் 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். சதுர் என்றால் நான்கு. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என நான்கு வாயில்களை அவர் அமைத்தார். சொல்லைக் கொண்டு பொருளைத் தேடுவோர்க்கு ஒரு வாயில். பொருளைக் கொண்டு அதற்குரிய பல பெயர்களைத் தேடுவோர்க்கு மற்றொன்று. முக்கனி, நாற்படை, ஐம்பொறி போன்ற தொகைச் சொற்களின் விரிவைத் தேடுவோர்க்கு இன்னொன்று. செய்யுள் இயற்றுவோன் எதுகைக்குச் சொல் தேடுவான்; அவனுக்கென்று நான்காவது. தேடுகிறவன் எதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறான் என்று முதலில் கேட்டு, அதற்கேற்ப வாயில் அமைத்த அவ்வறிவை நான் இன்றும் வியக்கிறேன். தேடுதலைக் கற்பிக்கும் ஆசிரியர் சதுரகராதியிலிருந்து தொடங்கினால் குறையொன்றும் இல்லை.

அதன்பின் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வெளிவந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக அச்சேறியது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் நூற் சொல்லடைவை மூன்று தொகுதிகளில் வெளியிட்டது. சொல்லடைவு என்பது ஒரு சொல் எந்தெந்த நூலில் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல். அதைத்தான் இன்று தேடுபொறி நொடியில் செய்கிறது. அன்று மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள்.

இனி இணையத்திற்கு வருவோம். 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பவர் உருவாக்கிய ஆர்ச்சியைத்தான் முதல் தேடுபொறி என்பர். அது கோப்புகளின் பெயர்களை மட்டும் தேடியது. 1994இல் தோன்றிய யாகூ, வலைத்தளங்களைப் பொருள்வகையால் பிரித்துப் பட்டியலிட்டது. கல்வி ஒரு பகுதி, நாடுகள் ஒரு பகுதி, கலை ஒரு பகுதி. இது நிகண்டு முறை என்பதை நீங்களே கண்டுகொண்டிருப்பீர்கள். 1995 இறுதியில் வந்த அல்டாவிஸ்டா பக்கங்களில் உள்ள சொற்கள் அனைத்தையும் அட்டவணையாக்கியது. இது சொல்லடைவு முறை. சொல் உள்ள பக்கங்கள் பல்லாயிரம் வந்து குவிந்தபோது எதை முதலில் காட்டுவது என்னும் சிக்கல் எழுந்தது. 1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் நிறுவிய கூகிள் அதற்கு ஒரு வழி கண்டது: எந்தப் பக்கத்தைப் பிற பக்கங்கள் மிகுதியாகச் சுட்டுகின்றனவோ, அதுவும் மதிப்புடைய பக்கங்கள் சுட்டுகின்றனவோ, அதை முன்னே வை. நம் உரையாசிரியர்கள் எந்த நூலை மிகுதியாக மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி நூலின் மதிப்பை அளப்பது போன்ற முறை இது. நல்ல முறைதான். எனினும் பலர் மேற்கோள் காட்டிய செய்தி உண்மையாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இதைப் பின்னர் ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

நிற்க. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தமிழ் எங்கே இருந்தது?

மலேசியாவில் ஜாரிங் வழியாக 1992இல் இணையம் வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையப் பக்கத்தில் ஏறின. தமிழ் எழுத்து இணையத்தில் தோன்றிய தொடக்கங்களுள் அது ஒன்று. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தம் நண்பர்களோடு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதி வலையேற்றினர். ஆக, இணையத்தில் தமிழ் இருந்தது. இருந்தும் தேடினால் கிடைக்கவில்லை. இதன் காரணத்தை ஆசிரியர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அதன் தழும்புகள் இன்றும் உள்ளன.

அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு. தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் தத்தமக்குத் தோன்றிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை அமர்த்தினர். ஈழத்தமிழரிடையே பெருவழக்கில் இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று திரையில் தோன்ற ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். நம் கண் ‘தமிழ்’ என்று படிக்கும். கணினியின் நினைவில் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. தேடுபொறிக்குக் கண் இல்லை. அது நினைவில் இருப்பதை மட்டுமே காணும். ஆகவே பாமினிப் பக்கத்தில் ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பதிவாகிக் கிடக்கும். வேறோர் எழுத்துருவில் அதே ‘அம்மா’ முற்றிலும் வேறு கோவை. ஒரே சொல்லுக்குப் பத்து மறைபெயர்கள். அன்று விவரம் அறிந்தவர்கள் ஆங்கில எழுத்துகளில் அந்த மறைபெயரையே இட்டுத் தேடிப் பக்கங்களைப் பிடித்தார்கள். எல்லாரும் அப்படிச் செய்ய முடியுமா என்ன?

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் கணினிக் கூடத்தில் தமிழ் நாளிதழ் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் முதலில் அந்நாளிதழின் எழுத்துருவை இறக்கிப் பதிய வேண்டும். அடுத்த நாளிதழுக்கு அடுத்த எழுத்துரு. இன்றைய இளம் ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் கற்பனை என்று நினைக்கிறார்கள்!

இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சிங்கப்பூரில் 1997இலும் சென்னையில் 1999இலும் மாநாடுகள் கூடின. டேம், டேப் என்னும் இரு குறியேற்றங்களைத் தமிழக அரசு 1999இல் அறிவித்தது. இணைய ஆர்வலர்கள் திஸ்கி என்னும் மற்றொன்றை வளர்த்தனர். 2000இல் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 1985ஆம் ஆண்டு முதல் முரசு அஞ்சலை வளர்த்துவந்த நம் நாட்டவர் முத்து நெடுமாறன் அவர்களின் பங்கு இவ்வரலாற்றில் மிகப் பெரியது. நம் பிள்ளைகள் அப்பெயரை அறிந்திருக்க வேண்டும்.

தீர்வாக வந்தது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் முறை அது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் விண்டோசு 2000 வந்த பின்னர்தான் பொதுமக்களின் கணினியில் அது இயங்கத் தொடங்கியது. 2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே வளர்ந்தது. மதுரைத் திட்டமும் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று நாம் கைப்பேசியில் தமிழில் தேடுகிறோம் என்றால் அதற்குப் பின்னால் இருபதாண்டு வழக்கு ஒன்று இருக்கிறது.

மாறாமல் நின்றவை மாண்டன என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் தமிழர் பலர் இலவசமாகப் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீசு 2009 அக்டோபரில் மூடப்பட்டது. முகவரி தெரிந்தால் இணைய ஆவணக்காப்பகத்தின் ‘வேபேக் மெசின்’ வழியே அத்தகைய பழைய பக்கங்கள் சிலவற்றை மீட்கலாம். பழைய எழுத்துருவில் இருந்தால் அதை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் உள்ளன. முயன்று பாருங்கள், மறைந்துவிட்டது என்று நினைத்த கட்டுரை எழுந்து வரக்கூடும்.

ஒருங்குறி வந்தபின்னும் சில சிறு பொறிகள் உள்ளன. ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஔ. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. அவ்வாறே தமிழ் எண் ௭ எகரத்தைப் போலவும், ௧ ககரத்தைப் போலவும், ௨ உகரத்தைப் போலவும் தோன்றும். அவற்றை எழுத்தாக எண்ணித் தட்டிய பக்கங்கள் இணையத்தில் உள்ளன. கூகிள் சில வேளை ஊகித்து உதவும். நூலகத் தளங்களின் தேடற்பெட்டிகள் பெரும்பாலும் ஊகிப்பதில்லை. நீங்கள் இட்டதை அப்படியே தேடும். நல்லவேளையாக, 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் தேடலைக் கெடுக்கவில்லை. துதிக்கை வடிவில் எழுதிய பழைய ‘லை’யும் இன்றைய ‘லை’யும் ஒருங்குறியில் ஒன்றே. ஆனால் பழைய அச்சுநூலைப் படமாக எடுத்து எழுத்தாக மாற்றும் மென்பொருள் அவ்வடிவங்களில் இடறும். அவ்வாறு மாற்றி மெய்ப்புப் பார்க்காத நூலில் நாம் தேடும் சொல் பிழையாகப் பதிவாகி ஒளிந்திருக்கலாம்.

இவற்றைவிடப் பெரியது நம் மொழியின் இயல்பு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரிதாக உருமாறுவதில்லை. தமிழில் ‘மரம்’ வேற்றுமை ஏற்றால் ‘மரத்தில்’ ஆகிறது. ‘வீடு’ ‘வீட்டிற்கு’ ஆகிறது. புணர்ச்சி வேறு. ‘தமிழ்ப்பள்ளி’ என்று சேர்த்து எழுதுவோர் ஒருபுறம், ‘தமிழ்ப் பள்ளி’ என்று பிரிப்போர் மறுபுறம், ஒற்றை விட்டுவிட்டுத் ‘தமிழ் பள்ளி’ என்போர் இன்னொருபுறம். இலக்கணப்படி எது சரி என்பது வகுப்பறைக்குரிய கேள்வி. தேடும்போது மூன்றையும் இட வேண்டும், பிழையான வடிவத்தையும் விடாமல். பிழையாக எழுதியவரிடமும் நல்ல செய்தி இருக்கலாம் அல்லவா? தேடுபொறி என்னும் சொல்லையே பாருங்கள்: தேடற்பொறி, தேடியந்திரம், தேடுதளம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

சரி, பினாங்கிற்கு வருவோம். எனக்கு மிகவும் விருப்பமான பகுதி இது.

1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டபோது இதற்கு ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்று பெயரிட்டார். அடுத்த பல்லாண்டுகள் அலுவல் ஆவணங்களில் வழங்கியது அப்பெயரே. பினாங்கு என்று மட்டும் இட்டுத் தேடுகிறவர் அக்கால ஏடுகள் பலவற்றைத் தவறவிடுவார். பினாங்கு என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தை அடுத்து ‘இ’ வரும் எழுத்துக்கோவை, ‘ஐ’ வரும் எழுத்துக்கோவை என இருவகை வழக்கு உண்டு.

ஊரின் பெயர் இப்படியென்றால் மக்களின் பெயர்? அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்று குறித்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முசுலிம் வணிகர்களைச் ‘சூலியா’ என்றனர். தென்னிந்தியரைப் பொதுவாகக் ‘கிளிங்’ என்றனர். இச்சொல் இன்று இழிசொல்லாகக் கருதப்படுகிறது. நாமும் அதை வழங்குவதில்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டு நாளேடுகளில் நம்மவரைத் தேடுவோர் அச்சொல்லை இடாமல் முழுமையாகத் தேட முடியாது. காதர் முகைதீன் அவர்களால் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலேயே அது நிலைத்திருக்கிறது. மாணவர்களிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆவணத்தை எழுதியவர் நம்மை எப்பெயரால் அழைத்தார் என்று தெரிந்தால்தான் அவ்வாவணத்தில் நம்மைக் காணலாம். சொல்லாமல் விட்டால் பிள்ளை தானே அச்சொல்லின்மேல் இடறி விழும். அது இன்னும் வலிக்கும்.

ஆளின் பெயரிலும் இதே கதைதான். மேற்சொன்ன காதர் முகைதீன் காதிர் முகியுத்தீனாகவும் காதர் மைதீனாகவும் வருவார். ஆங்கில ஏடுகளில் எழுத்தர் காதில் விழுந்தபடி வருவார். 19ஆம் நூற்றாண்டில் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழிதழை நடத்திய நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர், குலாம் காதர் என்றும் குலாம் காதிர் என்றும் எழுதப்படுகிறார். இதழின் பெயரும் விசாரினி என்று மாறிவரும். பினாங்கில் அக்காலத்திலேயே தமிழிதழ் நடந்தது என்பதை அறியாத தமிழாசிரியர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வடிவத்தில் மட்டும் தேடினால் அப்படித்தான் ஆகும்.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்திற்கு நாம் போகும் இடம் நமக்குத் ‘தண்ணீர்மலை’. ஆங்கிலேயர் அச்சாலையை ‘வாட்டர்ஃபால் ரோடு’ என்றனர். இன்றைய பெயர்ப்பலகையில் இருப்பது ‘ஜாலான் கெபுன் பூங்கா’. 1857ஆம் ஆண்டைச் சேர்ந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும் அச்சாலையில்தான் இருக்கிறது. தமிழில் தண்ணீர்மலை என்று தேடினால் ஒருவகைப் பக்கங்கள் வரும். ஆங்கிலப் பெயரில் வேறுவகை. மலாய்ப் பெயரில் இன்னும் வேறு. மூன்றும் ஒன்றையொன்று அறியா. தைப்பூசம் என்பதையே ஆங்கில ஏடுகள் முதல் ‘டி’ எழுத்தை அடுத்து ‘எச்’ இட்டும் எழுதின, இடாமலும் எழுதின. இரண்டையும் தேட வேண்டும். பிட் வீதி இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். மார்க்கெட் வீதி லெபோ பாசார். நம் மக்கள் வாயில் கடைத்தெரு. பழைய ஆங்கில ஏடுகளைத் தேடச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னாளிதழ்த் தளம் பெரிதும் உதவும். பினாங் கெசட், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ முதலிய நம் தீவின் பழைய ஏடுகள் அங்கே உள்ளன. சொல்லை இட்டுத் தேடலாம்.

முன்னர் ஓர் எடுத்துக்காட்டுத் தருவதாகச் சொன்னேன். 2016இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டு என்று நாடெங்கும் விழா எடுத்தோம். 1816 அக்டோபர் 21 அன்று ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழும் கற்பிக்கப்பட்டது என்பதே அக்கணக்கின் அடிப்படை. இச்செய்தியைத் தேடுபொறியில் இட்டால் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். படித்துப் பார்த்தால் பலவற்றில் ஏறத்தாழ ஒரே தொடர்தான் இருக்கும். இருபது பக்கம் ஒன்றையே சொன்னால் இருபது சாட்சிகள் என்று மாணவர் எண்ணுகின்றனர். ஒரு சாட்சியும் பத்தொன்பது எதிரொலிகளுமாக இருக்கலாம் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அந்தத் தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். சொல் மாறாமல் அத்தொடர் எங்கெங்கு உள்ளதோ அவை மட்டும் வரும். அவற்றுள் பழையது எது, அது எதைச் சான்றாகக் காட்டுகிறது என்று பின்னோக்கிச் செல்லுங்கள். 1816ஆம் ஆண்டின் எழுத்துகளைத் தேடும்போது ‘தமிழ்’ என்பதோடு நிற்காமல் ‘மலபார்’ என்பதையும் இடுங்கள். நமக்குப் பெருமை தரும் செய்தி என்பதாலேயே அதன் வேரைத் தேடுவதில் நாம் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. விழா எடுத்தவர்களுக்கும் அது வலிமைதான்.

மலபார் என்று மட்டும் இட்டால் கேரளக் கடற்கரையும் நகைக்கடையுமே முன்னால் வந்து நிற்கும் என்பதை எச்சரிக்க வேண்டும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளியின்றிக் கழித்தற்குறி இட்டால் அச்சொல் உள்ள பக்கங்கள் விலகிவிடும். குறிப்பிட்ட ஒரு தளத்திற்குள் மட்டும் தேட, ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளியின்றித் தளமுகவரியை எழுதி, பின் தேடுசொல்லை இடலாம். விக்கிமூலம், மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய ஈழத்தவரின் நூலகம் ஆகியவற்றுக்குள் இப்படித் தேடினால் பொதுத் தேடலில் புதைந்து கிடப்பவை மேலே வரும். மேற்கோள் குறியைத் தமிழில் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை: ‘பினாங்கு’ என்று பூட்டினால் ‘பினாங்கில்’ வராமல் போகலாம். ஆகவே முதலில் பூட்டாமல் தேடி, பின்பு பூட்டித் தேடுங்கள்.

இப்பொழுது தேடுபொறிகள் பக்கங்களைக் காட்டுவதோடு நில்லாமல் விடையையே தொகுத்து மேலே வைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நேரே கேட்கும் மாணவரும் உள்ளனர். இவற்றை விலக்கச் சொல்லமாட்டேன். மாற்றுப் பெயர்களை நினைவூட்ட இவை நன்றாக உதவுகின்றன. ஆனால் இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள பொருளைப் பற்றிக் கேட்டால் இவை தயக்கமின்றி இட்டுக்கட்டியும் சொல்லும். பினாங்குத் தமிழர் வரலாறு அத்தகைய பொருள். விடையின்கீழ் எந்தப் பக்கம் சுட்டப்பட்டுள்ளது என்று திறந்து பார்க்காமல் பயிற்சிப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது என் வகுப்பில் சட்டம். சட்டம் எப்போதும் நடைமுறையாகிறதா என்று கேட்காதீர்கள்.

தேடுபொறிக்கு எட்டாதவையும் பல. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அவ்வேட்டின் தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுத் தாள்களில் எத்தனை தோட்டப்பள்ளிகளின் செய்திகள் இருக்கும்! தாளில் மட்டும் உள்ளதை எந்தத் தேடுபொறியும் காணாது. பள்ளி அலமாரியில் உள்ள பழைய ஆண்டுமலரும் அப்படியே. அதன் அட்டையையும் பொருளடக்கத்தையும் தட்டெழுதி இணையத்தில் வைத்தாலே அடுத்த தலைமுறை அதைக் கண்டுபிடிக்க வழி பிறக்கும்.

என் வகுப்பில் இப்போது விசைப்பலகையைத் தொடும் முன்னர் ஒரு தாளை நான்காக மடிக்கச் சொல்கிறேன். தேட வேண்டிய இடமோ ஆளோ எதுவாயினும், தமிழ் நூலில் அதன் பெயர் முதற்கட்டத்தில், இன்றைய மலாய்ப் பெயர்ப்பலகையில் உள்ளது இரண்டாவதில், பழைய ஆங்கிலப் பெயர் மூன்றாவதில், வீட்டில் பெரியவர்கள் வழங்கும் பெயர் நான்காவதில். பின்னரே தேடல். தோட்டப்பள்ளி என்றால் நான்காவது கட்டம் மிக முக்கியம். உரிமப் பத்திரத்தில் தோட்டத்திற்கு ஒரு துரையின் பெயர் இருக்கும். தொழிலாளர் வாயில் வழங்கியது முற்றிலும் வேறாக இருக்கும். அக்கட்டத்தைப் பிள்ளைகளால் தாமே நிரப்ப முடிவதில்லை. பெற்றோர்கள் அன்றிரவு பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் போதும்.